கங்கைப் பயணத்திற்கு ஓர் ஆயத்தம்

பிழைப்பைத் தேடி வடக்கே வந்த நம்மவர்க்குக் கங்கை என்றால் நினைவுக்கு வருவன மூன்று: நீராடல், நீத்தார் கடன், செம்பில் அடைத்து ஊருக்கு எடுத்துச் செல்லும் தீர்த்தம். அந்தக் கங்கையிலே ரப்பர்ப் படகேறி, பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில் துடுப்புப் போட்டு வரலாம் என்று நான் சொன்னபோது, "புண்ணியம் தேடி முழுகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பணம் கொடுத்துக் கவிழப் போகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றாள் என் மனைவி.

சொல் வேடிக்கையே ஒழிய, அவள் அச்சம் வேடிக்கையன்று. அவளுடைய தம்பியைப் பதினாறாம் வயதில் காவிரியின் புதுவெள்ளம் கொண்டுபோயிற்று. ஆகையால், ஆற்றைப் பற்றிப் பேசும்போது "ஒன்றும் ஆகாது" என்னும் சொல்லை எங்கள் வீட்டில் எவரும் வழங்குவதில்லை. அலுவலக நண்பர் மூவருக்கும் எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அவளுக்கு ஆசை விடையாகாது. ஆகவே ஒரு தாளை எடுத்துத் திட்டம் எழுதத் தொடங்கினேன்.

முதலாவது, காலம். மழை மிகுந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ரிஷிகேசத்தில் இப்படகுகள் விடப்படுவதில்லை. மழை ஓய்ந்து ஆறு தெளியும் அக்டோபர்ப் பிற்பகுதியை நாங்கள் தேர்ந்தோம்.

இரண்டாவது, இடம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகராக வைணவர் போற்றும் தேவப்பிரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கை என்று பெயர் பெறுகின்றன. அதற்குக் கீழேதான் படகுத்துறைகள் உள்ளன. ஆற்றுப் பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 என்பது சிற்றலை. 6 என்பது உயிரைப் பணயம் வைப்பது. ரிஷிகேசத்திற்குச் சுமார் 36 கிலோமீட்டர் மேலே கௌடியாலாவில் ஏறினால், 'சுவர்' என்று பெயர் பெற்ற 4-ஆம் தரப் பாய்ச்சலைக் கடக்க வேண்டும். சுமார் 16 கிலோமீட்டர் மேலே உள்ள சிவபுரியில் ஏறினால் பெரும்பாலும் 3-ஐ ஒட்டியவையே. புதியவராகிய எங்களுக்குச் சிவபுரியே போதும் என்று எழுதினேன்.

மூன்றாவது, காப்பு. மிதவைச் சட்டையின் வார்களை இறுக்கியபின், பிறர் ஒருவர் தோள்பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். அது காதுவரை ஏறினால் மேலும் இறுக்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் செல்லும் திசையில் மேலே நீட்டி மிதக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலலாகாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால் நீர் ஆளை அமிழ்த்திவிடும். எறியப்படும் கயிற்றைக் கையால் பற்றலாம். உடம்பில் சுற்றிக் கட்டலாகாது.

நான்காவது, வழிகாட்டியின் சொல். நான் ரயில்வேயில் எழுத்தன். சிவப்பு விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்தும் ஓட்டுநரைக் கோழை என்று எவரும் ஏசுவதில்லை என்பதை அறிவேன். படகில் வழிகாட்டியின் கட்டளையே எங்களுக்கு விளக்கு. அவர் "போடு" என்றால் துடுப்புப் போடுவோம். "நிறுத்து" என்றால் நிறுத்துவோம்.

பன்னிரண்டு வயதான என் மகன் மிகவும் கெஞ்சினான். பதினான்கு நிரம்பும்வரை கரைதான் அவனுக்கு இடம் என்பதையும் தாளில் சேர்த்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

தாள் முழுவதையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டபின், "அவ்வளவு தூரம் போனபிறகு, இன்றைக்கு ஆறு சரியில்லை என்று அந்த ஆள் சொன்னால்?" என்றாள்.

"திரும்பி வந்துவிடுவோம்."

"கட்டிய பணம்?"

"போகட்டும்."

"அதையும் எழுதுங்கள்" என்றாள்.

எழுதினேன். பிறகுதான் அவள் தன் பெயரையும் பயணிகள் வரிசையில் சேர்க்கச் சொன்னாள். படகுக்கு அன்று, கரைக்கு. நம் சங்கத்து அன்பர்கள் இத்தகைய பயணத்திற்கு ஆயத்தம் செய்வதானால், துணிமணியும் தின்பண்டமும் எழுதுமுன் திரும்பி வருவதற்கும் தாளில் ஓர் இடம் விடுங்கள். ஆறு அடுத்த ஆண்டும் ஓடும்.