கொம்பில் இருந்த தேதி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கும் நண்பர் 2013 மார்ச்சில் போன் செய்தார். "கொம்பு பொறுக்கப் போனேன். கொம்பு கிடைச்சது ரெண்டுதான். செத்த மான் நாலு" என்றார்.

அங்கே அது பலரைப் பிடித்து ஆட்டும் ஒரு பித்து. வெண்வால் மானில் ஆணுக்குத்தான் கொம்பு. டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் அது கழன்று விழுந்துவிடும். ஏப்ரலில் புதிது முளைக்கத் தொடங்கும். மாட்டுக்கொம்பு சாகும்வரை தலையோடு இருக்கும், மான்கொம்போ ஆண்டுப் பயிர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இந்த வித்தியாசம் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. பனி உருகிய பிறகு, புல் எழுந்து மறைப்பதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களில் ஆட்கள் காடு காடாக நடக்கிறார்கள். தாமதித்தால் எலியும் அணிலும் கால்சியத்துக்காகக் கொம்பைக் கொறித்துத் தீர்த்துவிடும். வயோமிங்கின் ஜாக்சன் ஊரில், எல்க் மான் காப்பகத்தில் உதிரும் கொம்புகளைச் சாரணச் சிறுவர்கள் சேகரித்து 1968-லிருந்து ஏலம் விட்டு வருகிறார்கள். (நம் காட்டில் அப்படிப் பொறுக்கினால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும்.)

நண்பரைக் குடைந்தது அந்த நாலு மான்கள்தான். மூன்று ஓடைப் படுகையில், ஒன்று மேட்டில். எலும்புகளில் பல் தடம் இருந்ததால் கயோட்டி ஓநாய்கள் அடித்திருக்கும் என்று முடிவு கட்டியிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. தின்றவனே கொன்றவன் என்று ஏன் நினைக்க வேண்டும்? ஓநாய் அடித்திருந்தால் மூன்றும் தண்ணீருக்குள் போய்க் கிடப்பானேன்?

அடுத்த சந்தேகம் பட்டினி. பனிக்காலக் கடைசியில் கொழுப்பு கரைந்து மான்கள் சாவது உண்டு. குட்டிகள் முதலில் போகும். கண்டுபிடிக்க எளிய வழி தொடை எலும்பை உடைத்துப் பார்ப்பது. நன்றாகத் தின்ற மானின் மஜ்ஜை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். பட்டினியில் போனதற்கு அது சிவந்து, கூழாகிவிடும். ஆனால் நண்பர் பார்த்தவை எல்லாம் காய்ந்த எலும்புகள், மஜ்ஜை எப்போதோ போயிருந்தது. அதாவது அவை மார்ச்சில் சாகவே இல்லை.

அப்படியானால் எப்போது? பதில் அவர் தேடிப்போன பொருளிலேயே இருந்தது. பிப்ரவரிக் கடைசியில் செத்த ஆண் மானின் மண்டையில் பெரும்பாலும் கொம்பு இருக்காது. உதிர்ந்த வடு மட்டும் இருக்கும். ஓடையில் கிடந்த மூன்றுக்கும் கொம்பு தலையிலேயே இருந்தது. அவற்றில் ஒன்றின் கொம்பில் காய்ந்த தோல் ஒட்டியிருப்பதை அவர் அனுப்பிய படத்தில் கண்டேன். வளரும் கொம்பை வெல்வெட் போன்ற ரோமத்தோல் மூடியிருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் மான் மரத்தில் தேய்த்து அதை உரித்துப்போடும். உரிக்க அதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஆக, செத்தது ஆகஸ்ட் வாக்கில்.

கோடை முடிவு, தண்ணீரோரம், கூட்டமாகச் சாவு: இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் மான்களை அறிந்த எவரும் ஒரு நோயின் பெயரைச் சொல்வார்கள். ஈ.எச்.டி. என்று சுருக்கமாக வழங்கும் ரத்தக்கசிவு நோய். பரப்புவது கொசுவைவிடச் சிறிய க்யூலிகாய்ட்ஸ் என்ற கடிக்கும் பூச்சி. அதன் புழு வளர்வது குட்டையோரச் சேற்றில். 2012-ல் அமெரிக்கா கண்டது 1950-களுக்குப் பிறகான பெரும் வறட்சிகளில் ஒன்று. குளங்கள் வற்ற வற்றச் சேறு விரிந்தது, இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் மான்கள் நெருக்கியடித்தன. பூச்சிக்கு வேறென்ன வேண்டும்? காய்ச்சல் கண்ட மான் உடம்பின் அனல் தாளாமல் தண்ணீரைத் தேடிப் போய் அங்கேயே விழும், அறிகுறி தெரிந்து பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள். முதல் உறைபனி பூச்சியைக் கொன்றதும் சாவும் நிற்கும். பிழைத்த மான்களின் குளம்பில் வளர்ச்சி தடைப்பட்ட வரி தெரியும். மனிதருக்கு இந்த நோய் தொற்றுவதில்லை.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனபோதுதான் எனக்கு நிஜமான புதையல் கிடைத்தது. தென்கிழக்கு மாநிலங்களின் வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகவே இப்படிச் சாகும் மான்களைக் கண்டு 'கருநாக்கு' என்று அழைத்து வந்தார்கள். 1955-ல் நியூ ஜெர்சியில் மான்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தபோதுதான் அதன் வைரஸ் பிடிபட்டது. பிடித்தவர்களின் தலைவர் ரிச்சர்ட் ஷோப். பிறந்தது, வேறெங்கே, இதே அயோவாவில்தான்: டி மாயின் நகரம், 1901. பன்றிக் காய்ச்சல் வைரஸை 1931-ல் உலகுக்குக் காட்டியவரும் அவர்தான்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து அவர் செய்தது தமிழ் வாசகருக்குக் கூடுதலாக இனிக்கும். நடக்காத காரியத்தை முயற்கொம்பு என்கிறோம். நடுமேற்குப் பகுதிக் காட்டுமுயல்கள் சிலவற்றின் தலையில் நிஜமாகவே கொம்பு போல ஏதோ முளைத்திருந்தது. ஷோப் அதை அரைத்து, வடிகட்டி, வேறு முயல்களுக்குச் செலுத்தி, அது வைரஸால் வரும் தோல் வளர்ச்சி என்று 1933-ல் நிறுவினார். முயலுக்குக் கொம்பு வந்த காரணத்தைச் சொன்ன அதே மனிதர்தான், கொம்புள்ள மான் ஓடையில் செத்துக் கிடந்த காரணத்தையும் சொன்னார்.

மேட்டில் கிடந்த நாலாவது மட்டும் இந்தக் கதையில் சேரவில்லை. பக்கத்தில் தண்ணீர் இல்லை. கொம்பு முழுசாக முற்றி மெருகேறியிருந்தது. நண்பரிடம் கொம்பின் அடியை நெருக்கமாகப் படமெடுக்கச் சொன்னேன். வலப்பக்கம் எலும்பு அரித்து, குழி குழியாக இருந்தது. இணைசேரும் பருவத்தில் கிடாக்கள் முட்டி மோதும்போது கொம்படித் தோல் கிழியும். அதன் வழியே நுண்ணுயிர் இறங்கி மூளையில் சீழ் கட்டும். வயது வந்த ஆண் மான்களைக் கொல்லும் நோய்களில் இது ஒன்று. மண்டையோட்டில் இப்படிப் பள்ளம் விட்டுச் செல்வதால் வருடம் கழித்தும் தெரியும். உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும் என்றேன். "வேண்டாம், போதும்" என்றார் அவர்.

உதிர்ந்த கொம்பை எடுத்து வரலாம். மண்டையோட்டோடு இருக்கும் கொம்புக்குப் பல மாநிலங்களில் வனத்துறை ஆளைக் கூப்பிட்டுச் சீட்டு வாங்க வேண்டும். தோல் ஒட்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் நண்பர் வாங்கினார். இப்போது அது அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அரசுச் சீட்டில் மார்ச் 2013 என்றிருக்கிறது. அதன் கீழே அவர் பென்சிலால் ஆகஸ்ட் 2012 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.