சந்தடியும் நானும்

கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும். மணல் தெரியாவண்ணம் சனம் திரளும். ஒலிபெருக்கி, றபான் முழக்கம், இனிப்புக் கடைகளின் நெய்மணம், கண் கூசும் விளக்கொளி யாவும் ஊராருக்கு உவகை. எனக்கோ அவையனைத்தும் ஒரே கணத்தில், ஒரே உரத்தில் வந்து மோதும். அருகில் நிற்பவர் பேச்சும் தூரத்து மின்பிறப்பாக்கியின் இரைச்சலும் எனக்கு ஒரே தொலைவினவே. சற்று நேரத்தில் சொற்கள் காதில் விழும், பொருள் விழாது. நாவும் எழாது. அலையோசை மட்டும் என்னை வருத்தியதில்லை. அடுத்த அலை எப்போது வருமென்பதை அது முன்னரே உணர்த்திவிடுகின்றது.

ஊரார் என்னைப் பெருமைக்காரன் என்றனர். "புள்ளைக்குக் காது கூர்மை" என்பார் உம்மா. கல்லூரிப் பரிசளிப்பு விழாக்களிலே கைதட்டல் எழுமுன் பின்வாயிலால் வெளியேறுவேன். காரைதீவு நண்பரொருவர் காரணம் கேளாமல் தாமும் உடன் வருவார்.

ஐம்பது வயது கடந்தபின், தங்கையின் பேரனுக்காக மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு என் உள்ளம் தனக்காக விடை கூறிக்கொண்டிருந்தது. பின்னர் நானும் சோதிக்கப்பெற்றேன். ஓட்டிசம் என்றனர். தமிழில் மதியிறுக்கம் என்பர். மதி இறுகியதாகச் சொல்லும் அச்சொல் எனக்கு உவப்பன்று. என்னிடத்தே தாழிடப்படாத கதவுகளே மிகுதி.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 சிறாரைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையைப் பலரறியச் செய்தது. மின்தூக்கியும் ஓடும் நீரும் காற்றுங்கூட அவர்களை அஞ்சச் செய்தமையை அவர் அன்றே குறித்துள்ளார். எனினும் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு புலனுணர்வின் மிகையையும் குறையையும் இலக்கணங்களுள் வெளிப்படையாகச் சேர்த்தது 2013இலேதான். எழுபது ஆண்டு! அச்சிறாருள் முதல்வராகக் குறிக்கப்பெற்ற டொனால்ட் டிரிப்லெற் மிசிசிப்பி மாநிலச் சிற்றூரொன்றில் வங்கிப் பணியாளராய் வாழ்ந்து, 2023இல் 89ஆம் வயதிலே காலமானார். இந்நிலையைக் குழந்தைகளுக்கே உரியதாக எண்ணுவோர் அவர் முதுமையை நினைவிற்கொள்வாராக.

இப்பொழுது கலியாண வீடுகளுக்கு நான் அஸர் வேளையிலேயே போய்விடுகின்றேன். ஒலிபெருக்கி கட்டுமுன் பெண்ணின் வாப்பாவுடன் ஆறுதலாகப் பேச முடிகின்றது. முன்பு வாராதிருந்தவன் இன்று முதலில் வருகின்றான் என்று மச்சான்மார் நகைப்பர், நகைக்கட்டும்.

பெருவிழா நாளன்று நூல்நிலையத்தைத் திறந்து வைக்கும்படி விழாக்குழுவினரைக் கேட்டிருந்தேன்; இசைந்துள்ளனர். மண்டபத்து ஓசை அங்கு எட்டாது. என்னைக் காண விரும்பும் பழைய மாணவர்கள் அவ்விடம் வரலாம்.