சாவியை ஒப்படைத்த பிறகு

ஒருவர் பதவிக்கு வந்தால் மாலை போடுகிறோம். பதவியிலிருந்து இறங்கும்போதும் மாலை போடுகிறோம். ஆனால் இரண்டாவது மாலை கொஞ்சம் இளைத்திருக்கும். முதல் மாலையில் எதிர்பார்ப்பும் சேர்த்துக் கட்டியிருக்கிறது; பின்னதில் நன்றி மட்டும்தான். நன்றிக்கு எடை குறைவு என்பது பூக்கடைக்காரருக்கே தெரிந்த விஷயம்.

ஏறுவதற்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! பதவியேற்பு, பொறுப்பேற்பு, முடிசூட்டு, பட்டாபிஷேகம். இறங்குவதற்கு? 'ஓய்வு' என்கிறோம்; அப்படியென்றால் மனிதர் களைத்துப் போனார் என்று அர்த்தம். 'விலகல்' என்கிறோம், அப்படியென்றால் உள்ளே ஏதோ சண்டை என்று அர்த்தம். களைப்பும் இல்லாமல் சண்டையும் இல்லாமல், தவணை முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் இறங்குகிறாரே, அதற்குச் சட்டென்று வாயில் வருகிற சொல் ஒன்றும் இல்லை. சொல் இல்லாத இடத்தில் பெரும்பாலும் பழக்கமும் இருப்பதில்லை.

இந்த யோசனையை என் தலையில் ஏற்றியவள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. எங்கள் ஊர் கொரட்டூர். ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் ஏரி, நடுவில் நாங்கள். காலையில் ஸ்டேஷனுக்குப் போனால், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு பிளாட்பாரத்திலும், பட்டணத்துக்குப் போகிறவர்கள் எதிர்ப் பிளாட்பாரத்திலும் நிற்பார்கள். அவள் அப்பா முதல் கூட்டம், அவள் இரண்டாவது கூட்டம். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தாள். அங்கே கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் என்று ஒன்று உண்டு. அதற்கு அவள் ஒரு வருஷம் தலைவி.

நான் அந்த ஐக்கியத்தையோ அந்த மதத்தையோ சேர்ந்தவன் அல்ல. ஆனால் அவர்கள் வீட்டு மொட்டைமாடியும் எங்கள் மொட்டைமாடியும் ஒரே சுவர். மாலையில் துணி எடுக்க வருகிறவள் அன்றைய கதையைச் சொல்லாமல் போகமாட்டாள். ஆகவே அவளுடைய ஆட்சிக்காலம் முழுவதையும் நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆட்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு வேளையில், ஒரு காலி வகுப்பறையில் கூடுவார்கள். இரண்டு பாட்டு, கொஞ்சம் ஜெபம், வேதத்தில் ஒரு பகுதி, பிறகு டிபன் டப்பாக்கள் திறக்கப்படும். நாற்பது பேர் வருவார்கள். பரீட்சை நெருங்கினால் ஐம்பது. வகுப்பறைக்கு அனுமதி வாங்குவது, கிடார் வாசிக்கிற பையனைச் சமாதானப்படுத்துவது, கிறிஸ்துமஸ் கீதத்துக்கு யார் யாருக்கு எந்தக் குரல் என்று பிரிப்பது, இரண்டு நாள் முகாமுக்கு எத்தனை கிலோ வெங்காயம் என்று கணக்குப் போடுவது, ஆஸ்டலில் ஜுரமாகப் படுத்திருக்கிறவளைப் போய்ப் பார்ப்பது: இவ்வளவும் தலைவியின் வேலை. ஆன்மிகமும் வெங்காயமும் ஒரே நோட்டில் எழுதப்பட்டிருந்தன. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மார்ச் மாதம் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் வருஷத்துப் பையன். இவள் பீரோச் சாவியையும் நோட்டையும் மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாயையும் ஒப்படைத்தாள். வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி என்ற அதிகாரத்தையும் ஒப்படைத்தாள். அன்று இரவு அவளுடைய போன் சத்தமில்லாமல் இருந்ததாம். ஒரு வருஷமாகச் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்த போன். "ரிப்பேரோன்னு நினைச்சேன் அங்கிள்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு செய்தி வந்தது. புதுத் தலைவன் கூட்டத்தைப் புதன்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டான். "கூட்டம் குறைந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள். ஐம்பத்தைந்து பேர் வந்தாங்களாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குறைந்திருந்தால் வருத்தப்பட்டு மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். கூடிவிட்டதே! நாம் இல்லாமல் ஒரு காரியம் கெட்டுப்போவதைத் தாங்குகிற மனசு, நாம் இல்லாமல் அது நன்றாக நடப்பதை அவ்வளவு சுலபமாகத் தாங்குவதில்லை. இதை நான் அவள் முகத்தில் மட்டும் பார்க்கவில்லை. இறங்கின எத்தனையோ பெரியவர்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

நான் இளவயதில் சேர்ந்திருந்த ஒரு வாசகர் சங்கம் நினைவுக்கு வருகிறது. பெயர் எதற்கு? அதன் காரியதரிசி பல வருஷம் இருந்துவிட்டு, பெருந்தன்மையோடு இளைஞர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசமாட்டார். புதுக் காரியதரிசி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், மெதுவாகத் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். அந்தச் செருமலில் வாக்கியம் திசை மாறிவிடும். இன்னொரு செருமலில் தீர்மானமே மாறிவிடும். ஆறு மாதத்தில் அந்த இளைஞர் ராஜிநாமாச் செய்தார். சங்கமும் அதிக நாள் நிற்கவில்லை. சாவியைக் கொடுத்தவர் தொண்டையைக் கொடுக்கவில்லை, அதுதான் காரணம்.

நம் முன்னோர் இந்தச் செருமலை அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைத்தான் நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். இறங்குகிற விதியைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. வாரியத்தில் இருக்கிற காலம் 360 நாள். அது முடிந்தால் இறங்கவேண்டும். இறங்கினவர் அடுத்த மூன்று வருஷம் எந்த வாரியத்துக்கும் வரக்கூடாது. கணக்குக் காட்டாமல் இறங்கினவருக்குப் பிறகு இடமே இல்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஏரிக்கரையில் குடியிருக்கிற எனக்கு இந்த ஆறு பேர்மேல் ஒரு தனி மரியாதை உண்டு. கரை உடைந்தால் ஊர் போய்விடும் என்ற வேலையைக்கூட 360 நாளுக்குமேல் ஒருவர் கையில் வைத்திருக்க அவர்கள் சம்மதிக்கவில்லை பாருங்கள்!

மாணவர் சங்கங்களுக்கு இந்த விதியைக் கல்லில் வெட்டவேண்டியதில்லை. மாணவர் என்பதே தவணைப் பெயர். மூன்று வருஷத்தில் அது தானாக உதிர்ந்துவிடும். ஆனால் சங்கம் பெரிதாகி உலகச் சம்மேளனம் ஆகும்போது நிலைமை மாறுகிறது. உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் 1895-இல் ஸ்வீடனில், வாட்ஸ்டேனா என்ற ஊரில், ஓர் ஏரிக்கரைக் கோட்டையில் ஆரம்பமாயிற்று. அதை நிறுவுவதில் முன்னின்ற அமெரிக்கர் ஜான் மாட்டுக்கு அப்போது முப்பது வயது. 1920 வரை பொதுக் காரியதரிசி. பிறகு 1928 வரை தலைவர். ஆக 33 வருஷம். மாணவர் வந்தார்கள், போனார்கள், மாட் இருந்தார். அவருடைய உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. 1946-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். 1928-இல் அந்தச் சம்மேளனத்தின் பொதுக்குழு கூடியது நமக்குப் பக்கத்து மைசூரில். அந்த வருஷத்தோடுதான் அவர் தலைமையை விட்டார். பிற்பாடு, 1953 முதல் 1960 வரை, யாழ்ப்பாணத்துத் தமிழரான டி. டி. நைல்ஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாத உயரத்து நாற்காலிகளும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் இறங்குவதைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பட்டம் பெறாமலே வெளியே வந்தார். நானும் பட்டம் வாங்காதவன். ஆகவே இந்த விவரத்தில் எனக்கு ஒரு சொந்தப் பிரியம். 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில், அதாவது ஒய்.எம்.சி.ஏ.யில், காரியதரிசி. பட்டணம் பட்டணமாகப் பிரயாணம், வாலிபர் கூட்டம், பிரசங்கம், மேடை. ஊரில் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாக உழைத்தார். தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிய சங்கம் அது.

பிறரைப் போகச் சொன்னவர் 1909-இல் தாமே போனார். வயது முப்பத்தைந்து. சங்க வேலையை விட்டுவிட்டு, நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு. அங்கே அவருடைய பிரசங்கத் திறமை எதற்கு ஆகும்? ஊரார் பேச்சு தெலுங்கு. பதினாலு வருஷம் மேடையில் நின்றவர் எழுத்துக் கூட்டிப் படிக்க உட்காரவேண்டியதாயிற்று. பிறகு 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் அந்த ஸ்தானத்துக்கு வந்த முதல் இந்தியர். 1945 புத்தாண்டு நாளில் இறக்கும்வரை தோர்ணக்கல்தான். சரித்திரம் அந்த 1912-ஐப் பெரிய எழுத்தில் எழுதுகிறது. எனக்கு 1909-தான் பெரிது. மேடையிலிருந்து இறங்கியவர் இன்னொரு மேடையைத் தேடாமல் பள்ளிக்கூடப் பலகையைத் தேடினார் அல்லவா? இறங்குவதற்கு அது ஒரு நல்ல வழி. தலைவராக இருந்தவருக்கு உடனடியாகத் தேவைப்படுவது, தாம் கற்றுக்குட்டியாக இருக்கக்கூடிய ஓர் இடம்.

இதையெல்லாம் நான் எங்கள் தெருப் பெண்ணிடம் பிரசங்கமாகச் செய்யவில்லை. செருமல்காரர் கதையை மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "குழுவில இருந்தா நானும் செருமத்தான் செய்வேன்" என்றாள். அன்றிரவே எல்லாருக்கும் ஒரு வரி நன்றி எழுதிவிட்டு, வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. முதல் வருஷத்தில் ஒரு பெண். தெற்கேயிருந்து வந்து ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். அவளுக்கு வீட்டில் ஒரு கஷ்டம். படிப்பை நிறுத்திவிடலாமா என்ற யோசனை. அதை இவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி மரத்தடியில் பேசுவார்கள். இப்போது இவள் படிப்பு முடிந்து போகிறாள். "பீரோச் சாவியைக் கொடுத்துட்டேன், கணக்கைக் கொடுத்துட்டேன். அவளை எந்த நோட்டில எழுதிக் கொடுக்கிறது அங்கிள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் அதற்கு விதி இல்லை. ஒருவர் நம்மை நம்பிச் சொன்னது நம்முடைய பதவியைப் பார்த்தா, நம்மைப் பார்த்தா? பதவியைப் பார்த்து என்றால் அடுத்தவரிடம் ஒப்படைக்கவேண்டும். நம்மைப் பார்த்து என்றால் ஒப்படைப்பதே துரோகம். பெரும்பாலும் இரண்டும் பின்னிக் கிடக்கும், பிரித்தெடுக்க வராது.

அவள் செய்தது இது. புதுத் தலைவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பெண்ணிடமே போனாள். "நான் போகிறேன். இதை யாரிடமாவது சொல்லலாமா? சொல்லலாம் என்றால் யாரிடம் என்று நீயே சொல்" என்று கேட்டாள். அந்தப் பெண் இரண்டு நாள் யோசித்தாள். "தலைவர் அண்ணாகிட்ட வேண்டாம் அக்கா. அந்தப் பொருளாளர் அக்காகிட்டச் சொல்லலாம்" என்றாள். பொருளாளர் என்றால் முகாமில் வெங்காயம் நிறுத்த பெண். மேடையில் ஒருநாளும் பேசாதவள். மூன்று பேருமாகக் கான்டீனில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பாதி டீயில் இவள் வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாளாம்.

"வகுப்பு இருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள்.

நாற்பது பேர் கைதூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மனிதருடைய நம்பிக்கைக்கு வாரிசைத் தேர்ந்தெடுக்கிற உரிமை அந்த மனிதருக்குத்தான் உண்டு. இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி பாதி டீயை விட்டுவிட்டு எழுந்து காட்டினாள். நான் எழுதின நாவல்களில் பெரிய மனிதர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற காட்சிகள் பல உண்டு. அவற்றில் ஒன்றுகூட இவ்வளவு அடக்கமாக அமையவில்லை.

ஏறும்போது பிறர் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். இறங்கும்போது நம்முடைய கால்தான் படியைத் தடவிப் பார்த்து இறங்கவேண்டும். அப்படி இறங்குகிறவர் யாரையாவது நீங்கள் பார்த்தால், அந்த இளைத்த மாலையில் இன்னும் நாலு பூவைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். செலவு அதிகமாகாது.