கூச்சம் நீங்கிய வேடம்

வேடம் புனைதல் தொன்மையான கலை. புனைந்தவன் அதற்காக நாணுவதே இக்கால வழக்கம்.

2015ஆம் ஆண்டு கொழும்பிலே 'லங்கா கொமிக் கொன்' என்னும் சித்திரக்கதை அன்பர் விழா தொடங்கிற்று. இரத்தினபுரி இறப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்து, தலைநகர்க் கடையொன்றில் வேலைபார்த்த இளைஞன் ஒருவன், பின்னர் ஓராண்டில் அவ்விழாவைக் காணச் சென்றான். நுழைவுச்சீட்டுப் பெற்று வந்த இளைஞர் பலர், தாம் விரும்பிய கதைமாந்தராய் உடைபுனைந்து கூச்சமின்றி உலவினர். அவனோ, லயத்து முற்றத்திலே காமன் கூத்தில் ரதி வேடம் தாங்கியவன். அதனைக் கடைத் தோழரிடம் மறைத்தே வாழ்ந்தவன்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையிற் கம்பம் ஊன்றி, பௌர்ணமியையொட்டிக் காமதகனத்தோடு நிறைவுறும் அக்கூத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. லயந்தோறும் திரட்டிய பணம், தப்பு முழக்கம், விரதங் காத்த கூத்தர், இரவெல்லாம் விழித்திருக்கும் ஊர்மக்கள்: இவையே அதன் முதல். பகலிற் பால் வெட்டிய கைகளே இரவில் மன்மதனின் கரும்பு வில்லையும் ஏந்தும். இத்துணை உழைப்பிலும் நாணத்தக்கது யாது என அவன் தன்னையே வினவினான்.

அடுத்த மாசியில் அவன் விடுமுறை கேட்டான். காரணம் வினவப்பட்டபோது, தோழர் கேட்கவே விடையிறுத்தான்:

"ஊர்ல காமன் கூத்து, முதலாளி. நான்தான் ரதி."

எவ்விழாவாயினும், அதனை எடுத்து நடத்துவோர் முதலில் வெல்லவேண்டியது இக்கூச்சத்தையே.