வரைபடத்தில் இல்லாத ஊர்

பாசிர் பெனம்பாங்கில் மலை கிடையாது. சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றின் வடகரையில் அமைந்த மீனவர் ஊர் அது. எதிர்க்கரையில் கோல சிலாங்கூர் நகரமும் மெலாவத்தி குன்றும் இருக்கின்றன. குன்று என்று பெயர்தான். மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். உச்சியில் 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. பாலம் வருவதற்கு முன் மக்கள் படகில்தான் ஆற்றைக் கடந்தார்கள். ஊரின் பெயரிலேயே அந்தப் படகு இருக்கிறது. மலாயில் ‘பாசிர்’ என்றால் மணல். ‘பெனம்பாங்’ என்பது ஆட்களை அக்கரை சேர்க்கும் படகைக் குறிக்கும் சொல்.

இந்தச் சமவெளியில் வளர்ந்த நான்காம் படிவ மாணவி ஒருத்திக்கு ஆல்ப்ஸ் மலையூர் ஒன்று உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்திருந்தது. சமவெளியிலிருந்து எந்த இரயிலில் ஏற வேண்டும், ஏரிக்கரையில் எங்கே இறங்க வேண்டும், பனிக்காலத்தில் எந்தப் பாதை மூடப்படும் என்றெல்லாம் கேட்டால் தயங்காமல் சொல்வாள். அவளுடைய பள்ளி நூலகத்தின் மூலையில், யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஆங்கிலக் கதைநூல்கள் ஒரு பெட்டியில் கிடந்தன. அவற்றுள் அட்டை கிழிந்த நான்கு நூல்கள் ‘ஷாலே பள்ளி’ வரிசையைச் சேர்ந்தவை. ஷாலே என்பது ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் காணப்படும், சரிவான கூரையுடைய மரவீடு.

அந்த வரிசையை எழுதியவர் எலினோர் பிரெண்ட்-டையர் என்னும் ஆங்கிலேய ஆசிரியை. முதல் நூல் 1925இல் வெளிவந்தது. கையில் அதிகப் பணமில்லாத மேட்ஜ் என்னும் இளம்பெண், செலவு குறைவு என்பதால் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதிக்குச் சென்று, ஏரிக்கரையில் ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்குகிறாள். அடிக்கடி நோய்வாய்ப்படும் தங்கை ஜோவுக்கு மலைக்காற்று நல்லது என்பதும் ஒரு காரணம். பல நாட்டுப் பெண்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளும் பள்ளியில் புழங்குகின்றன. பிற்கால நூல்களில் இது ஒரு விதியாகவே ஆகிவிடுகிறது: இந்த நாளுக்கு இந்த மொழி என்று முறை வைத்து, அன்று முழுவதும் அதிலேயே பேச வேண்டும். வீட்டில் தமிழும் வகுப்பில் மலாயும் ஆங்கிலமும் பேசி, மீன் வாங்கப் போகும்போது ஹொக்கியெனில் விலை கேட்கும் பாசிர் பெனம்பாங் மாணவிக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போனது. அவள் விதியில்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

பள்ளி இருக்கும் ஊர் பிரீசாவ். அதன் ஏரி டீர்ன்சே. அடிவாரத்தில் உள்ள சிறுநகரம் ஸ்பேர்ட்ஸ். மேலே மலைத்தட்டில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனை இருக்கும் ஊர் சோனால்பே. ஒரு மாலையில் அவள் இந்தப் பெயர்களைக் கைப்பேசியின் வரைபடத்தில் தேடினாள். எதுவும் அகப்படவில்லை. வேறுவகை எழுத்துக்கூட்டலில் தேடினாள், அப்போதும் இல்லை. இத்தனை நாளும் யாரோ தன்னை ஏய்த்துவிட்டதைப் போல அவளுக்குக் கோபம் வந்தது.

மேலும் தேடிப் படித்தபோது உண்மை தெரிந்தது. பிரெண்ட்-டையர் 1924இல் விடுமுறைக்காக டிரோலுக்குச் சென்றிருந்தார். அங்கே ஆக்கன்சே என்னும் ஏரியின் கரையில் பெர்டிசாவ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதுதான் பிரீசாவ். ஏரி டீர்ன்சே ஆனது. யென்பாக் நகரம் ஸ்பேர்ட்ஸ் ஆனது. பெயர்களை மாற்றினாரே தவிர, ஏரியையும் மலையையும் இரயிலையும் தம்முடன் வைத்துக்கொண்டார். யென்பாக்கிலிருந்து ஏரிக்கு ஏறும் பற்சக்கர நீராவி இரயில் 1889இல் ஓடத் தொடங்கியது. மாணவி மனத்துக்குள் ஏறி இறங்கிய அந்த இரயில் உண்மையிலேயே இருந்தது! பெர்டிசாவில் இப்போது பிரெண்ட்-டையருக்கு நினைவுப் பலகை உண்டு. ஷாலே பள்ளியின் வாசகர்கள் அந்த ஏரியைப் பார்ப்பதற்கென்றே பயணம் செய்கிறார்கள். இல்லாத ஊரைத் தேடி இருக்கும் ஊருக்குப் போகிறார்கள் என்று அவள் தன் தம்பியிடம் சொன்னாள். அவனுக்கு அது வேடிக்கையாகப் பட்டது.

கற்பனை ஊருக்குள் உலக வரலாறு நுழைந்தது 1938இல். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஆசிரியர் நினைத்திருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் பிரீசாவில் விளையாட்டுப் போட்டிகளையும் பனிச்சறுக்கையும் எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். கற்பனை ஊர்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. 1940இல் வெளிவந்த நூலில், ஸ்பேர்ட்ஸ் தெருவில் வயது முதிர்ந்த யூத நகைக்கடைக்காரர் ஒருவரைக் கும்பல் ஒன்று தாக்குகிறது. பள்ளி மாணவிகள் குறுக்கே நின்று அவரைக் காக்க முயல்கிறார்கள். அதன் பிறகு அந்த ஊரில் அவர்கள் இருக்க முடியாது. மலைகளைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடுகிறார்கள். பள்ளி முதலில் கெர்ன்சித் தீவுக்கும், பிறகு பிரிட்டனுக்கும், போருக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சுவிட்சர்லாந்துக்கும் இடம்பெயர்ந்தது. 1969இல் ஆசிரியர் மறையும் வரை வரிசை நீண்டு, ஏறத்தாழ 60 நூல்களாயிற்று. ஆனாலும் டிரோல் கதைகளில் வரும் ஏரியைத்தான் மாணவி விரும்பினாள். விட்டுவந்த ஊர் என்பதாலோ என்னவோ, பிற்கால நூல்களிலும் பழைய மாணவிகள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இத்தகைய பள்ளிகள் மலாயாவிலும் இருந்தன. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பணியாற்றிய ஐரோப்பியர்கள், வெப்பத்துக்கு அஞ்சித் தங்கள் பிள்ளைகளைக் கேமரன் மலையிலும் பினாங்குக் கொடியிலும் இருந்த விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அந்த நாள்களில் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்பது வேறு கதை. மாணவி அந்தக் கதைக்குத்தான் பிறகு வந்து சேர்ந்தாள்.

அதற்குக் காரணம் ஒரு கட்டுரை. தமிழாசிரியை ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பைக் கொடுத்திருந்தார். மாணவி ஒரு பக்கம் எழுதினாள். கடலுணவு உணவகங்கள், கம்போங் குவாந்தானின் மின்மினிகள், கலங்கரை விளக்கம், வாரக்கடைசியில் வரும் சுற்றுப்பயணிகள் எல்லாம் அதில் இருந்தன. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆசிரியை அதன் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: “இதை நம் ஊருக்கு வராதவர்கூட எழுதலாமே?”

மாணவி அவரிடம் போய், “இங்கே எழுதுவதற்கு வேறு என்ன இருக்கிறது, டீச்சர்?” என்று கேட்டாள். பிரீசாவைப் பற்றிச் சொன்னாள். ஆசிரியை சிரித்துவிட்டு, அடுத்த வகுப்பில் மால்குடியைப் பற்றிப் பேசினார்.

மால்குடியும் எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அதை உருவாக்கிய ஆர்.கே. நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்து, கிறித்துவ மிஷன் பள்ளியில் படித்தவர். 1930ஆம் ஆண்டு விஜயதசமி நாளில், பெங்களூரில், பாட்டி நல்ல நாள் பார்த்துக் கொடுக்க, ஒரு பயிற்சிப் புத்தகத்தை வாங்கி எழுத உட்கார்ந்தார். முதலில் அவர் மனத்தில் தோன்றியது ஓர் இரயில் நிலையம். அதற்குப் பிறகுதான் ஊர் வந்தது. சரயு ஆறு, மார்க்கெட் ரோடு, கபீர் தெரு, தொலைவில் மெம்பி மலை, நடுவே ஆல்பர்ட் மிஷன் பள்ளி, அந்தப் பள்ளிக்குப் போக மனமில்லாத சுவாமிநாதன் என்ற சிறுவன். பதிப்பாளர்கள் அந்த நாவலைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மனம் நொந்த நாராயண், கையெழுத்துப் படியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு எழுதினார். நல்லவேளையாக நண்பர் அதைக் கிரஹாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் காட்டினார். நூல் 1935இல் வெளிவந்தது.

பிற்காலத்தில் எங்கே போனாலும் நாராயணிடம் கேட்கப்பட்ட கேள்வி, மால்குடி எங்கே இருக்கிறது என்பதுதான். அது கற்பனை ஊர், எந்த வரைபடத்திலும் இல்லை என்பார். ஆனால் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இலக்கிய வரைபட நூல் ஒன்றில், இந்திய வரைபடத்தில் மால்குடியைக் குறித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். மால்குடிக் கதைகள் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது கர்நாடகத்தின் ஆகும்பே ஊர் மால்குடியாக நடித்தது. படப்பிடிப்பு நடந்த அரசாளு இரயில் நிலையத்தில் இன்று மால்குடி அருங்காட்சியகம் இருக்கிறது.

“சரி, நம் வட்டாரத்தை யாராவது எழுதியிருக்கிறார்களா?” என்று ஒரு மாணவன் கேட்டான். எழுதியிருக்கிறார், ஆனால் பிரெஞ்சு மொழியில் என்றார் ஆசிரியை. ஹென்ரி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905ஆம் ஆண்டு வாக்கில் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னும் ரப்பர்த் தோட்டத்தை உருவாக்கினார். தொழிலாளர்களுடன் பழகித் தமிழும் மலாயும் கற்றார். 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதே கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தொடங்கப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் அதைப் படிப்பவர்களுக்கு அது தமிழ்ச்சொல் என்பது சட்டென்று தெரியாது. இந்த மண்ணை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கொன்கூர் பரிசு கிடைத்தது.

துரை எழுதிவிட்டார். பால் வெட்டியவர்கள்? மாணவியின் பாட்டி புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தாயுடன் பால்மரக் காட்டுக்குப் போகத் தொடங்கியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகப் போயின. இந்த வட்டாரத்தில் பெயர்களும் அப்படித்தான் மாறின. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்டத்து மக்கள் தங்களுக்குள் வழங்கிய பெயர்களோ எந்த ஆவணத்திலும் ஏறியதில்லை. அதனால் அவற்றை யாரும் மாற்றவும் தேவைப்படவில்லை. பாட்டி பிறந்த தோட்டத்தையும் மாணவி கைப்பேசியில் தேடினாள். பிரீசாவைப் போலவே அதுவும் அகப்படவில்லை. பச்சை நிறம் மட்டும் திரையை நிறைத்தது.

அன்றிரவு அவள் ஒரு வெள்ளைத் தாளைப் பாட்டியின் முன் விரித்து, “உங்க தோட்டம் எப்படி இருந்துச்சு பாட்டி? சொல்லுங்க, நான் வரையறேன்” என்றாள்.

“அட, அதெல்லாம் எழுதற சங்கதியாம்மா?” என்றார் பாட்டி. ஆனால் தாளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் மாரியம்மன் கோயிலைப் போடச் சொன்னார். பிறகு செம்மண் சடக்கு. சடக்கின் வலப்பக்கம் பெரட்டுக் களம். விடியற்காலை இருட்டில் எல்லாரும் வரிசையில் நிற்க, கிராணி பெயர் கூப்பிடும் இடம். அதை அடுத்து பால் ஸ்டோர். இடப்பக்கம் லயங்கள், இரண்டு வரிசை. வரிசைக்கு ஒரு தண்ணீர்ப் பீலி. பீலியில்தான் சண்டைகள் எல்லாம் தொடங்கும் என்று சொல்லிப் பாட்டி சிரித்தார். லயத்துக்குப் பின்னால் ஆயாக்கொட்டகை. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். தோட்டப் பள்ளி ஒரே கொட்டகை. ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்தினார்.

“துரை பங்களா?”

“அது மேட்டுல. அங்கே நின்னா தோட்டம் பூரா தெரியும்னு சொல்லுவாங்க. நான் ஏறிப் பார்த்ததில்லை.”

மாணவி தாளின் மேல்பகுதியில் ஒரு மேடு வரைந்தாள். லயங்களைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதினாள். பாட்டி விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாம் லயத்தின் ஏழாவது வீட்டில் விரல் நின்றது.

“இதுல... அந்த நெட்டையா ஒருத்தர், தப்பு நல்லா அடிப்பாரு. பேரு நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது.”

வெகுநேரம் யோசித்தும் பெயர் வரவில்லை. மணி பத்தாகிவிட்டது. பாட்டி எழுந்து போய்த் தம் பழைய முகவரிப் புத்தகத்தை எடுத்து வந்தார். பால்ய காலத்தில் அடுத்த வீட்டில் இருந்த தோழி இப்போது கிள்ளானில் மகனுடன் இருக்கிறார். “அவ தூங்கியிருக்க மாட்டா. எண்ணைப் போடு” என்றார்.

மாணவி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, எண்களை அழுத்தினாள்.