காசுகாபேயில் ஒரு பகல்

நாகசாகிக்குத் திருப்பயணம் செல்ல வேண்டும் என்பது குருமடத்தில் பயின்ற நாள்முதல் எனக்கிருந்த ஆவல். 1597ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அந்நகரின் குன்றொன்றில் சிலுவையில் உயிர்நீத்த 26 மறைசாட்சிகளுள் ஒருவர், நம் நாட்டு வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த ஆவல் நிறைவேறியது. ஆயினும், நான் இங்கு எழுத விரும்புவது நாகசாகியைப் பற்றியன்று. திரும்பும் வழியில் தோக்கியோவில் எங்கள் குழுவினருக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாளில், திருத்தலம் எதற்கும் பெயர் பெறாத ஒரு நகருக்கு ஓர் இளைஞர் என்னை அழைத்துச் சென்றார். அந்தப் பகலைப் பற்றியே எழுதுகிறேன்.

அவர் என் பழைய பங்கைச் சேர்ந்தவர். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். இன்று தோக்கியோவில் கணினிப் பொறியாளர். நான் வந்திருப்பதை ஊரார் வழியாக அறிந்து தொலைபேசியில் அழைத்தார். "சாமி, ஒரு நாள் எனக்குத் தாங்க. காசுகாபேக்குப் போய் வருவோம்" என்றார். அந்தப் பெயர் எனக்குப் புதிது. "ஷின்சான் ஊரு சாமி" என்று அவர் விளக்கியபோது, மறுமொழி சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

வீட்டில் சிறுவர்கள் உள்ள வாசகர்களுக்கு ஷின்சானை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யொஷிதோ உசுயி என்ற ஓவியர் 1990இல் வரையத் தொடங்கிய சித்திரக்கதையின் நாயகன் அவன். ஐந்து வயதுப் பாலகன். 1992 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியிலும், 2006இல் இந்தியத் தொலைக்காட்சியிலும் தோன்றினான். பின்னர்த் தமிழும் பேசினான். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதும், கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தை ஆட்டி ஆடுவதும் அவன் வழக்கம். 2008இல் நடுவண் அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இத்தொடருக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வெட்டுகளுடன் அது திரும்பி வந்தது. அந்தத் தடையை மேற்கோள் காட்டி ஞாயிறு மறையுரையில் பெற்றோர்களைக் கடுமையாக எச்சரித்தவன் நான்.

2010ஆம் ஆண்டு பங்குத் திருவிழா. ஆயர் வரும் நேரம். திருவுடை அணியும் அறையில் பீடச் சிறுவர்கள் அணிவகுத்து நின்றனர். அவர்களுள் பத்து வயதான ஒருவன், நீண்ட சிவப்பு அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஷின்சானின் ஆட்டத்தை ஆடிக்காட்டினான். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் சாம்பிராணிக் கிண்ணம் கீழே உருண்டது. நான் அவ்வேளையில் உள்ளே நுழைந்தேன். அனைவர் முன்னிலையிலும் அங்கியைக் கழற்றச் சொல்லி, "வீட்டுக்குப் போ" என்று அனுப்பினேன். மறுவாரம் அவன் தாயார் வந்து கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். "ஒழுங்கு கற்கட்டும்" என்றேன். அவன் அதன்பின் பீடத்திற்கு வரவே இல்லை. இரண்டு ஆண்டுகளில் நானும் மாற்றலாகிப் போனேன். அந்தச் சிறுவர்தான் இந்த இளைஞர்.

அசாகுசா நிலையத்தில் தொடர்வண்டி ஏறினோம். சுமிதா ஆற்றைக் கடந்து, 634 மீட்டர் உயரமான ஸ்கைட்ரீ கோபுரத்தின் அருகே வண்டி வடக்கே திரும்பியது. காசுகாபே அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். வழிநெடுகச் சமவெளி, நெருங்கி நிற்கும் சிறு வீடுகள், குளிர்கால வெயிலில் மாடிகளில் உலரும் துணிகள். இளைஞர் என் உடல்நலத்தையும் பழைய பங்கு மக்களையும் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். திருவிழா நாளைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

காசுகாபே நிலையத்தில் வண்டி புறப்படும்போது ஒலிக்கும் இசை, ஷின்சான் தொடரின் பாட்டு மெட்டே. இளைஞர் அதைத் தம்மையறியாமல் முணுமுணுத்தார். ஊரில் அவன் உருவத்தைப் பல இடங்களில் கண்டோம். ஜப்பானியப் பெற்றோரும் ஒரு காலத்தில் என்னைப் போலவே எண்ணினார்கள் என்று அவர் சொன்னார். பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் தேசிய அமைப்பு நடத்திய கருத்தாய்வுகளில், 'பிள்ளைகள் பார்க்கலாகாது' என்று பெற்றோர் கருதும் நிகழ்ச்சிகளின் வரிசையில் ஷின்சான் மீண்டும் மீண்டும் இடம்பெற்றானாம். அப்படியிருந்தும் 2004இல், நகரத் தகுதி பெற்றதன் 50ஆம் ஆண்டில், காசுகாபே நகராட்சி அவனையும் அவன் குடும்பத்தாரையும் சிறப்புக் குடிமக்களாகப் பதிவு செய்துகொண்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, இந்தக் குறும்பனை ஊர் தன் பிள்ளையாக ஏற்றது. நானோ கையில் இருந்த பிள்ளையின் பெயரைப் பீடச் சிறுவர் பட்டியலிலிருந்து அடித்தவன்.

ஷின்சானின் தாய் சாமான் வாங்கும் கடைக்கு மாதிரியாக விளங்கிய பேரங்காடிக்குச் சென்றோம். 2024 நவம்பரில் அது மூடப்பட்டுவிட்டது. ஓவியர் உசுயியும் இன்று இல்லை. இந்த ஊரில் வளர்ந்து, இதையே தம் கதையின் களமாக்கிய அவர், 2009 செப்டம்பரில் அராஃபுனே மலையில் தவறி விழுந்து 51ஆம் வயதில் இறந்தார். அவருடைய உதவியாளர்கள் கதையைத் தொடர்ந்தனர். அவர் வரைந்த பாலகனுக்கு இன்றும் வயது ஐந்துதான்.

அங்கிருந்து குடியிருப்புத் தெரு ஒன்றின் வழியே நடந்தோம். ஷின்சானின் வீடு என்று காட்ட அங்கே எதுவும் இல்லை. எல்லாம் அதைப் போன்ற வீடுகளே. மதில் அருகே மிதிவண்டி, வாசலில் பூந்தொட்டி. இளைஞர் நின்றார்.

"சாமி, நான் ஷின்சானைப் பார்த்தது அவன் சேட்டைக்காக இல்ல. அவங்க அப்பாவுக்காக" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவர் காலையில ரயிலேறி தோக்கியோவுக்கு வேலைக்குப் போவாரு. வீட்டுக் கடன் இன்னும் முப்பது வருசத்துக்கு மேல பாக்கி. ஆனாலும் சாயங்காலம் கதவைத் திறந்து 'வந்துட்டேன்' என்பாரு. எங்கப்பா கப்பல்ல வேலை. வருசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. அந்தக் கதவு திறக்கிறதப் பாக்கத்தான் தினமும் உக்காந்திருப்பேன். அந்த வருசத் திருவிழாவுக்கு அப்பா வர்றதா இருந்துச்சு. கடைசி நேரத்துல லீவு கிடைக்கல. அன்னைக்கு யாராவது சிரிச்சா நல்லாருக்கும்னு தோணுச்சு. அதான் ஆடினேன்."

என் தொண்டை அடைத்தது. ஒரு தொடரை இரண்டு மூன்று முறை எட்டிப்பார்த்துவிட்டு மறையுரை நிகழ்த்தியவன் நான். என் கண்ணில் பட்டது கால்சட்டை. அவன் கண்ணில் பட்டது கதவு.

பிற்பகலில் கிளைத் தொடர்வண்டியில் மினாமி சகுராயி நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரில் எதோ ஆற்றங்கரைக்குச் சென்றோம். காசுகாபே அமைந்துள்ள நாகா ஆற்றுப் படுகை, பெரிய ஆறுகள் சூழ்ந்த, தட்டுப் போன்ற தாழ்நிலம். மழைநீர் வடியாமல் அடிக்கடி வெள்ளம் சூழ்ந்த பகுதி அது. 1993இல் தொடங்கி 2006இல் முடித்த பெரும்பணியால், நிலத்திற்கு அடியில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில், 6.3 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு சுரங்கக் கால்வாய் அமைத்திருக்கிறார்கள். சிற்றாறுகள் நிறையும்போது மிகுதி நீர் பெருங்கிணறுகள் வழியாக அதில் விழுந்து, ஒரு பெருந்தொட்டியில் வேகம் தணிந்து, பின் எதோ ஆற்றில் இறைக்கப்படுகிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அத்தொட்டிக்குள் நின்றோம். நீளம் 177 மீட்டர், அகலம் 78 மீட்டர், உயரம் 18 மீட்டர். ஒவ்வொன்றும் 500 டன் எடையுள்ள 59 தூண்கள். 'நிலத்தடிக் கோவில்' என்று மக்கள் இதை அழைப்பதில் வியப்பில்லை. பழைய பேராலயம் ஒன்றின் நடுக்கூடத்தில் நிற்பது போன்றே இருந்தது. ஆனால் பீடம் இல்லை, படிமம் இல்லை. ஈரத் தரையும் சேற்றின் தடமும் மட்டுமே. ஆண்டுக்குச் சராசரியாக ஏழு முறைதான் இந்த அமைப்புக்குள் வெள்ளம் வருகிறதாம். 2019 அக்டோபரில் வீசிய ஹகிபிஸ் சூறாவளியின்போது சுமார் 1 கோடியே 20 லட்சம் கனமீட்டர் நீரை இது வாங்கி வெளியேற்றியது. மற்ற நாள்களில் இத்தொட்டி வெறுமையாகக் காத்திருக்கிறது.

"2023 டிசம்பர்ல நம்ம ஊரு மூழ்கினப்போ, அம்மா ரெண்டு நாள் பக்கத்து வீட்டு மாடியில இருந்தாங்க. இதப் பாக்கும்போதெல்லாம் அந்த ஞாபகம்தான் வரும் சாமி" என்றார் இளைஞர். அவர் குரல் தூண்களுக்கிடையே சென்று மெல்லத் திரும்பி வந்தது.

அந்த இடத்தில் என்னைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியவில்லை. குருமடத்தில் ஒழுக்க இறையியலும் மேய்ப்புப் பணியியலும் கற்றேன். சட்டங்களாலும் கடமைகளாலும் என்னை நிரப்பிக்கொண்டேன். பிள்ளை ஒன்றின் ஏக்கம் கரை மீறிய நாளில், அதை வாங்கிக்கொள்ள எனக்குள் இடமில்லை. வந்த நீரை வந்த வேகத்தில் அந்தச் சிறுவன் மேலேயே திருப்பிவிட்டேன். இந்த ஊரார் அடிநிலத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவைத்தனர். அதனால்தான் மேலே வீடுகளில் மாலைதோறும் கதவுகள் அச்சமின்றித் திறக்கின்றன. பெற்றோருக்கும், ஆசிரியருக்கும், ஆயனாக இருப்பவனுக்கும் இப்படியோர் இடம் உள்ளத்தில் வேண்டும். குழந்தைகளை விரட்டிய சீடர்கள்மேல் ஆண்டவர் சினம் கொண்டதன் பொருள், 25 ஆண்டுகளுக்கும் மேலாக அப்பகுதியை விளக்கிவந்த எனக்கு அன்றுதான் விளங்கியது.

மேலே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆற்றங்கரைப் புல்வெளியில் குளிர்காற்று வீசியது. "தம்பி, அன்று நான் செய்தது தவறு. என்னை மன்னித்துவிடு" என்றேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ பேருக்கு மன்னிப்பு வழங்கிய நாவுக்கு, மன்னிப்பைக் கேட்பது அத்தனை கடினமாக இருந்தது.

'அதெல்லாம் மறந்துட்டேன் சாமி' என்று அவர் பொய் சொல்லவில்லை. "ரொம்ப நாள் வலிச்சுது சாமி" என்றார். சிறிது நேரம் கழித்து, "அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

திரும்பும் வண்டியில், அலுவலகம் முடிந்து வீடு செல்லும் ஆண்கள் எதிர்த்திசை வண்டிகளில் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டோம். இளைஞர் தம் கைப்பேசியை எடுத்து ஊருக்குப் பேசினார். அவர் தந்தை கப்பல் பணியிலிருந்து ஓய்வு பெற்று இப்போது வீட்டில்தான் இருக்கிறாராம். "அப்பா, சாமி கூடத்தான் இருக்கேன். பேசுறீங்களா?" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.