மகளுக்கு மட்டுந்தானா உண்மை?

"விற்றாகிவிட்டது, பணமும் வந்தாகிவிட்டது, இனி அவன் பாடு!"

மாடு கைமாறும்போதும், மனை கைமாறும்போதும், மோட்டார் கைமாறும்போதும் நம் நாட்டிலே ஒலிக்கின்ற வாசகம் இது. ஏமாற்றினேன் என்று எவரும் சொல்லிக்கொள்வதில்லை. சாமர்த்தியம் என்பர், சாதுரியம் என்பர், பிழைக்கத் தெரிந்தவன் என்று பட்டமும் சூட்டுவர். பொய்க்கு இத்தனை புனைபெயர்கள்! மெய் சொல்பவனுக்கோ ஒரே பெயர்தான்: ஏமாளி.

அந்தப் பட்டம் சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்தது. ஆவூரிலே பள்ளி ஆசிரியன் நான். 2012-ஆம் ஆண்டு மாதிரி ஆல்ட்டோ கார் ஒன்றை 2018-இல் தரகர் மூலம் வாங்கி ஓட்டிவந்தார் என் தந்தையார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு, கீரனூர்ப் பக்கத்துக் காய்கறி வணிகர் ஒருவருக்கு விற்றோம். பத்தாம் நாள், வீட்டிலே கிடந்த பழைய காப்பீட்டுத் தாள்களைக் கழிக்கையில், இரண்டு தாள்களுக்கிடையே ஒட்டிக்கிடந்த ரசீது ஒன்று கிடைத்தது. சென்னைப் பட்டறை ஒன்றின் ரசீது. 2015 டிசம்பர். வெள்ளநீர் புகுந்த எஞ்சினைப் பிரித்துக் கழுவியதற்கான கூலி! தரகர் எங்களிடம் மூச்சு விடாத செய்தி.

2015 டிசம்பர் தொடக்கத்திலே சென்னை பட்ட பாடு நாடறியும். அடையாறு கரைமீறிப் பாய்ந்தது. வீட்டு வாயிலில் நின்ற கார்களும், அடுக்ககத்து அடித்தளங்களில் நின்ற கார்களும் நீரிலே மூழ்கின. அப்படி மூழ்கியவற்றுள் பல, கழுவி மெருகேற்றப்பட்டுப் பழைய கார்ச் சந்தைக்கு வந்தன. எஞ்சினைக் கழுவிவிடலாம், தரைவிரிப்புக்குக் கீழே ஓடும் மின்கம்பிகளை யார் கழுவுவது? கம்பிகளின் இணைப்பிலே ஈரமும் சேறும் தங்கிப் பச்சை பூத்து, ஆண்டுகள் கழித்து ஒரு நாள் மின்னோட்டம் அறும். எந்த நாள் என்று சொல்லிக்கொண்டா வரும்? எங்கள் காரை வாங்கியவரோ விடியற்காலை மூன்று மணிக்குத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர். லாரிகள் சீறிப் பாயும் நெடுஞ்சாலையிலே, கும்மிருட்டிலே, முன்விளக்கு இரண்டும் அணைந்தால்?

"சொல்லாதே" என்றனர் பெரியவர்கள். "பணத்தைத் திருப்பிக் கேட்பான். கட்டணம் கட்டியாயிற்று; எங்கிருந்து எடுத்துக் கொடுப்பாய்?" கேள்வி நியாயமானதுதான். வழக்கறிஞரான நண்பரோ சட்டத்தையே துணைக்கழைத்தார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அறிந்த ஒன்றை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. ஆனால் பேசவேண்டிய கடமை இல்லாத இடத்திலே வாளா இருப்பதை மோசடி என்று சொல்லவில்லை. "நீ விற்கும்போது அறியவே இல்லையே! விற்றபின் அறிந்ததைச் சொல்லச் சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்துமா?" என்றார்.

அந்தப் பிரிவை எடுத்துப் படித்தேன். அதிலே ஓர் எடுத்துக்காட்டு. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான்; அது நோயுற்றது என்று அவனுக்குத் தெரியும்; வாய் திறக்கவில்லை. மோசடியல்ல என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டிலே வாங்குபவள் அவனுடைய மகள். அப்போதுதான் உரிய வயதை எட்டியவள். அங்கே மட்டும், உறவின் பொருட்டு, சொல்லவேண்டிய கடமை தந்தைக்கு உண்டாம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அதே குதிரை, அதே நோய். மகளென்றால் வாய் திற. மற்றவளென்றால் வாய் பொத்து. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும், சில விலக்குகள் வைத்தாலும், வாங்குபவனே விழிப்பாயிரு என்ற பழைய நெறியின்மீதே நிற்கிறது. வெள்ளையன் காலத்துச் சட்டம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நம் நெஞ்சுக்குள்ளும் அதே கோடுதானே கிழித்து வைத்திருக்கிறோம்? சொந்தக்காரனுக்கு விற்றால் ஒரு வாய், அயலானுக்கு விற்றால் வேறு வாய். புகாரின் வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது என்று மேடைதோறும் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கிச் சந்தைக்குள் நுழைந்ததும் மறந்துபோகிறோம். பிறப்பால் வேற்றுமை கூடாதென்று பேசும் நாம், உறவு பார்த்து உண்மை பங்கிடலாமா?

ரசீதை எடுத்துக்கொண்டு போனேன். வணிகர் ரசீதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், வேற யாராவது கூட விலை தர்றேன்னாங்களா? வண்டிய திரும்ப எடுத்துக்கப் பாக்குறீங்களா?"

சினம் வரவில்லை எனக்கு. பழைய கார் வாணிபம் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் இதையேதான் ஆய்ந்து எழுதினார்: குறையை அறிந்தவன் விற்பவன் மட்டும், ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் ஐயுற்று விலை குறைக்கிறான், நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றி ஒதுங்குகிறான், சந்தையிலே சொத்தைகளே மிஞ்சுகின்றன. மூன்று ஏடுகள் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரைதான் 2001-இல் நோபல் பரிசுக்கு வழிகோலியது. சொத்தைக் காருக்கு அமெரிக்கர் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? எலுமிச்சை!

நம்மவரோ அந்த எலுமிச்சையைச் சக்கரத்தின்கீழ் வைத்து நசுக்குகிறோம். வணிகரும் நான்கு சக்கரத்துக்கு நான்கு பழம் வைத்தார், பூசணி உடைத்தார், நல்ல நேரம் பார்த்துக் கிளப்பினார். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இருக்கையின் கால்களிலே துரு உண்டா, மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழியிலே வண்டல் உண்டா, இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தால் அடிநுனியிலே சேற்றுக்கறை உண்டா - பார்க்கச் சொல்லித்தர எவருமில்லை. பழம் வைக்கச் சொல்லித்தர ஊரே இருக்கிறது! அவரை நகையாட இதை எழுதவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டுகிறவன் அஞ்சுகிறான். அச்சத்துக்கு அகப்பட்டது அந்தப் பழம்.

விராலிமலை மெக்கானிக் விரிப்பைத் தூக்கினார். இணைப்புகள் மூன்று பச்சை பூத்திருந்தன. கம்பித் தொகுதியை மாற்ற ஒன்பதாயிரம் ஆயிற்று. முழுவதும் நாமே தருவோம் என்றார் தந்தையார். வணிகர் மறுத்துப் பாதியை ஏற்றார். எங்கள் பங்குக்குத் தங்கையின் விடுதிப் பணத்தில் கைவைக்க நேர்ந்தது. இரண்டு மாதம் இழுபறிதான்.

பேச்சு வாக்கிலே இன்னொன்றும் தெரிந்தது: பெயர் மாற்றத்துக்கு அவர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் அறிவிக்கவேண்டும். தந்தையார் தம் பங்கை முதல் வாரமே முடித்திருந்தார். நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கிலே, பல கை மாறிப்போன காரின் விபத்துக்கும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அவருக்குச் சொன்னேன். மறு வாரமே விண்ணப்பம் கொடுத்தார். இப்போது பதிவுச் சான்றிலே அவர் பெயர்.

ரசீதும் வண்டித் தாள்களோடு அவரிடமே இருக்கிறது. "அடுத்து வாங்குகிறவருக்கு இதைக் காட்டுவீர்களா?" என்று கேட்டேன்.

"என்ன விலைக்குக் கேக்குறான்னு பாத்துக்கிட்டுச் சொல்றேன் சார்" என்று சிரித்தார்.